ஏற்றுமதியான எழுத்து

1

மறைந்த தோழர் ஒருவரின் கட்டுரைகளைத் தொகுக்கிற வேலை போன வருஷம் என் தலையில் விழுந்தது. தொண்ணூறுகளில் இந்தக் கீழத்தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்து, நாலு இதழ் ஐந்து இதழோடு நின்றுபோன சிறுபத்திரிகைகளில் எழுதியவர். உயிரோடு இருக்கும்போதே தொகுப்பாகக் கொண்டுவர நினைத்து, காரைக்காலில் ஒரு டி.டி.பி. சென்டரில் உட்கார்ந்து பக்கமெல்லாம் கட்டி முடித்து, அச்சுக்கூலிக்குப் பணம் புரளாமல் அப்படியே விட்டுவிட்டார். மிஞ்சியது ஒரு குறுந்தகடு. அதில் 23 பி.டி.எஃப். கோப்புகள். மூலக் கோப்புகள் இல்லை.

தலத்தெருவில் என் வீட்டு மேசையில் அதைப் போட்டுத் திறந்து பார்த்தால், ஆச்சரியமாகத்தான் இருந்தது. இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் ஒரு புள்ளி நகரவில்லை. தலைப்பின் தடித்த எழுத்து, பத்திக்கு நடுவே அவருக்குப் பிடித்த மூன்று நட்சத்திரம், ஓரத்தில் பக்க எண் எல்லாம் அவர் கட்டிவைத்த இடத்திலேயே இருந்தன. ஒரு பத்தியை நகலெடுத்து வேறொரு கோப்பில் ஒட்டினேன். வந்து விழுந்தது தமிழ் இல்லை. ஆங்கிலச் சின்ன எழுத்துகள், நடுநடுவே அரைப்புள்ளி, டாலர் குறி, பிரெஞ்சுக்காரர்கள் தலையில் கோடு போட்டு எழுதுகிற உயிரெழுத்துகள். தேடு பெட்டியில் 'சாதி' என்று அடித்தேன். சாதியைப் பற்றியே வாழ்நாளெல்லாம் எழுதியவரின் 23 கட்டுரைகளில் அந்தச் சொல் ஓரிடத்திலும் இல்லை என்று பதில் வந்தது.

சென்டர் வைத்திருந்தவர் இப்போது ஃப்ளெக்ஸ் பேனர் போடுகிறார். கொண்டுபோய்க் காட்டினேன். "தம்பி, இது படம் மாதிரி. பாக்கலாம், பிரிண்டு போடலாம். உள்ளேருந்து எழுத்த எடுக்க முடியாது. அந்த ஃபாண்ட்டு நாங்களே மாத்தி மாத்தி வச்சிருந்தது, அந்தக் கம்ப்யூட்டரோட போச்சு" என்றார்.

படம் மாதிரி! ஒரு மனிதன் எழுதிய பிரதி எந்தக் கட்டத்தில் படமாகிறது? எழுத்து என்பது பார்க்கிற உருவமா, படிக்கிற குறியா? இலக்கணம் படித்த நமக்கு ஒலிவடிவு, வரிவடிவு என்ற பிரிவினை பழகிப்போனதுதான். அந்தப் பிரிவினைக்கு நடுவில் ஒரு இயந்திரம் வந்து உட்கார்ந்ததன் வரலாற்றை நாம் எழுதவில்லை. டி.டி.பி. நம்முடைய சிறுபத்திரிகை இயக்கத்துக்கே அடித்தளமாக இருந்தும், 'தொழில்நுட்பம்தானே' என்று ஒதுக்கிவிட்டோம். அந்த ஒதுக்கலுக்கு என்ன விலை கொடுத்திருக்கிறோம் என்று பார்க்கவேண்டியிருக்கிறது.

2

கணினித் திரையில் தெரிகிற எதுவும் தாளுக்குப் போக இரண்டு வழிதான். இதைச் சொல்ல எங்கள் தெரு வாசலைத் தவிர நல்ல உதாரணம் இல்லை. சிக்குக் கோலம் போடுகிறவர்கள் முதலில் புள்ளி வைப்பார்கள், பிறகு இழை இழுப்பார்கள். போட்டு முடித்த கோலத்தைக் கட்டம் போட்ட தாளில் எந்தக் கட்டம் வெள்ளை, எந்தக் கட்டம் மண் என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு போனால் அது ஒரு வழி. திரையின் பிம்பம் இப்படிப்பட்டது. பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகப் பல்லிளிக்கும். 'இந்தப் புள்ளியில் தொடங்கு, அதைச் சுற்று, இங்கே வளை, தொடங்கிய இடத்தில் முடி' என்று போடும் விதத்தையே எழுதிக்கொண்டால் அது இன்னொரு வழி. அதை வைத்துத் தீப்பெட்டி அளவிலும் போடலாம், கோயில் பிராகாரம் அளவிலும் போடலாம், இழை பிசிறாது.

இது வெறும் உவமை இல்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974இல் கோலங்களுக்கு இலக்கண விதி எழுதிக் கணினி வரைகலை ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். வாசலில் விடிகாலையில் போட்டு மதியத்துக்குள் மிதிபட்டு அழிகிற ஒன்று, விதியாக மாறி அச்சுத்தாளில் ஏறியது. உருவத்தைச் சேமிக்காமல் உருவத்தை உண்டாக்கும் கட்டளையைச் சேமிப்பது என்கிற யோசனையில் தமிழ்நாட்டு வாசல்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதைக் குறித்துக்கொள்வோம்.

இதே யோசனைதான் அச்சுத்தொழிலைப் புரட்டிப் போட்டது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்திலிருந்து வெளியேறிய ஜான் வார்னாக்கும் சார்லஸ் கெஷ்கியும் 1982இல் அடோபியைத் தொடங்கினார்கள். அவர்கள் உருவாக்கிய போஸ்ட்ஸ்கிரிப்ட் ஒரு பக்கத்தை விவரிக்கும் மொழி. இந்த எழுத்தின் வளைவு இது, இதை இந்த இடத்தில் வை, மையால் நிரப்பு என்று அச்சு இயந்திரத்துக்குக் கட்டளை கொடுக்கும். 1985இல் ஆப்பிளின் லேசர் பிரிண்டர் இந்த மொழியைப் பேசிக்கொண்டு வந்தது. அதே வருஷம் ஆல்டஸ் நிறுவனம் பேஜ்மேக்கரைக் கொண்டுவந்தது. அன்றைய மெக்கின்டாஷ் திரையில் ஒரு அங்குலத்துக்கு 72 புள்ளி, லேசர் பிரிண்டரில் 300. திரையில் சொரசொரப்பாகத் தெரிந்த எழுத்து தாளில் வழவழவென்று வந்ததற்குக் காரணம், போனது படம் இல்லை, கட்டளை என்பதுதான்.

ஆனால் ஒவ்வொரு கணினியும் ஒவ்வொரு பிரிண்டரும் ஒவ்வொரு மாதிரி. ஒரு இடத்தில் கட்டிய பக்கம் இன்னொரு இடத்தில் குலைந்துபோகும். எந்த இயந்திரத்தில் திறந்தாலும் ஒரே மாதிரி தெரியவேண்டும், ஒரே மாதிரி அச்சாகவேண்டும் என்று வார்னாக் 1991இல் ஒரு திட்டக் குறிப்பு எழுதினார். 1993இல் அது பி.டி.எஃப். ஆக வெளிவந்தது. 2008இல் உலகத் தர நிறுவனம் அதைப் பொதுத்தரமாக ஏற்றது. எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பொதிந்து அனுப்புவதுதான் இதன் சாமர்த்தியம். வாங்குகிறவரிடம் அந்த எழுத்துரு இருக்கவேண்டிய அவசியமில்லை.

கவனிக்கவேண்டியது, இந்த ஏற்பாடு கொடுத்த வாக்குறுதி எது என்பதை. பார்வைக்கு அப்படியே இருக்கும் என்பதுதான் வாக்குறுதி. படிக்கக் கிடைக்கும், தேடக் கிடைக்கும், எடுத்தாளக் கிடைக்கும் என்று அது சத்தியம் பண்ணவில்லை. ஆங்கிலத்துக்கு அந்த வித்தியாசம் பெரிதாக உறைக்கவில்லை. அதன் எழுத்துகளுக்கு உலகம் ஒத்துக்கொண்ட எண்கள் ஏற்கெனவே இருந்தன. உருவத்தை அனுப்பினால் எண்ணும் கூடவே போயிற்று. நமக்கு அப்படி இல்லை. ஏன் இல்லை என்பதற்குக் கொஞ்சம் வடக்கே போகவேண்டும்.

3

காரைக்காலிலிருந்து கடலோரமாக வடக்கே பஸ் ஏறினால் பூவம், பொறையாறு, அப்புறம் தரங்கம்பாடி. அரைமணி நேரப் பயணம். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊரிலிருந்து கிளம்பி டேனிஷ்காரர்கள் 1620 முதல் 1845 வரை ஆண்ட ஊரில் இறங்குகிறோம். தமிழ் அச்சுக்கு ஒரு முக்கியமான திருப்பம் இங்கேதான்.

அதற்கும் முன்னால் ஒரு லிஸ்பன் கதை இருக்கிறது. 1554இல் லிஸ்பனில் ஒரு கிறித்தவச் சிறுநூல் அச்சானது. மொழி தமிழ், எழுத்து ரோமன். தமிழ் ஒலிகள் ரோமன் எழுத்துகளின் வீட்டில் குடியிருக்க நேர்ந்த முதல் அச்சுச் சந்தர்ப்பம் அது. அதில் உழைத்த மூன்று தமிழர்களும் போர்த்துகீசிய ஞானஸ்நானப் பெயர்களில்தான் நமக்குத் தெரிகிறார்கள். பிறகு 1578இல் கொல்லத்தில் 16 பக்கத் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே வந்தது.

தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்கு, லண்டன் சங்கம் ஒன்றிலிருந்து அச்சு இயந்திரம் பெற்றார். தமிழ் அச்செழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு 1713இல் வந்து சேர்ந்தன. இங்கிருந்து எழுதி அனுப்பிய மாதிரிகளைப் பார்த்துத் தமிழ் பேசாத கைகள் அந்த உருவங்களை உலோகத்தில் செதுக்கின. அதாவது நம் எழுத்து முதலில் வரைபடமாகக் கப்பலேறியது, உலோகமாகத் திரும்பிவந்தது. வந்த எழுத்துகள் பெரிது. காகிதம் தாங்கவில்லை. உள்ளூரிலேயே சின்ன எழுத்துகளை வார்த்தார்கள். 1715இல் புதிய ஏற்பாடு முழுதாக அச்சாகி முடிந்தது. காகிதத் தட்டுப்பாட்டுக்குப் பொறையாறில் காகித ஆலை ஒன்றும் போட்டுப் பார்த்தார்கள்.

ஓலையிலிருந்து ஈயத்துக்குப் போனபோதும் எழுத்து 'அப்படியே' போகவில்லை. எழுத்தாணியால் கீறும்போது புள்ளி வைத்தால் ஓலை பொத்துக்கொள்ளும் என்பதால் சுவடிகளில் புள்ளி பெரும்பாலும் கிடையாது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் கண்ணுக்குத் தெரியாது. அதைத் தெளிவாக்க வீரமாமுனிவர் திருத்தம் சொல்லவேண்டியிருந்தது. ஆக, எழுத்தின் தூய வடிவம் என்று ஒன்று எங்கேயும் இருந்ததில்லை. ஓலை ஒரு வடிவம் கேட்டது, ஈயம் ஒரு வடிவம் கேட்டது. கேட்டவன் யார், கொடுத்தவன் யார் என்பதில்தான் அரசியல் இருக்கிறது.

பெரியார் 1935இல் 'குடி அரசு' இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தைத் தொடங்கியபோது அச்சுக்கோப்பவரின் சிரமமும் அவர் வாதத்தில் ஒன்று. ணா, றா, னா, லை, ளை போன்ற வடிவங்களுக்குத் தனித்தனி அச்சு வைக்கவேண்டாம், இருக்கிற காலையும் இணைக்கொம்பையும் சேர்த்தால் போதும் என்றார். 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு 13 வடிவங்களுக்கு அதை ஆணையாக்கியது. இந்தத் திருத்தத்தைக் கேட்டது வெளியிலிருந்து வந்த இயந்திரம் இல்லை. தன் பத்திரிகையைத் தானே அச்சடித்தவர் கேட்டார். இந்த வேறுபாடு முக்கியமானது.

4

எண்பதுகளின் நடுவில் கனடாவில் கி. சீனிவாசனின் 'ஆதமி', மலேசியாவில் முத்து நெடுமாறனின் 'முரசு' என்று தமிழ் கணினிக்குள் வரத் தொடங்கியது. தொண்ணூறுகளில் சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை இலவசமாகக் கொடுத்தார். இவர்களில் யாருக்கும் பின்னால் அரசு இல்லை. புலம்பெயர்ந்த தமிழர்கள் தனியாட்களாகத் தங்கள் ஓய்வு நேரத்தில் செய்த வேலை.

அன்றைய எழுத்துரு ஒன்றில் 256 இடங்கள். 256 மனைக்கட்டு உள்ள ஒரு நகர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பாதியில் ஆங்கிலமும் எண்களும் குறிகளும் பட்டா வாங்கிவிட்டன. மிச்சத்தில் 247 எழுத்தும் கிரந்தமும் எப்படிக் குடியேறும்? இரண்டு தந்திரம் செய்தார்கள். ஒன்று, எழுத்தை உடைத்தார்கள். கொம்பு தனி, கால் தனி, மெய் தனி. 'கொ' என்று கேட்டால் காதுக்கு முதலில் ககரம், பிறகு ஒகரம். கணினிக்குள் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். கண் பார்க்கிற வரிசைதான் சேமிக்கப்பட்டது. இரண்டாவது தந்திரம், பல எழுத்துருக்களில் ஆங்கிலத்தின் மனையிலேயே தமிழை உட்காரவைத்தார்கள். ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் பரவிய 'பாமினி' எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் கோப்புக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, பிறகு ஒரு அரைப்புள்ளி. அவ்வளவுதான். எழுத்துரு இருக்கும்வரை அது 'தமிழ்'. எழுத்துருவை எடுத்துவிட்டால் உளறல்.

1554 லிஸ்பனை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே ரோமன் எழுத்தின் உருவத்தில் தமிழ் ஒலி இருந்தது. வாயால் படித்தால் தமிழ் வந்துவிடும். இங்கே தமிழ் உருவத்தின் அடியில் ரோமன் எண் இருந்தது. கண்ணுக்குத் தமிழ், நினைவகத்துக்கு உளறல். நானூறு வருஷத்தில் இது முன்னேற்றமா என்று கேட்கத் தோன்றுகிறது.

இதைச் சொல்லும்போது அந்தக் காலத்தைக் குறைத்துப் பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். ஈய அச்சு கோத்து, புரூஃப் திருத்தி, ஃபாரம் ஃபாரமாக அடித்து 64 பக்க இதழ் கொண்டுவருவதற்குள் ஆசிரியர் வீட்டு நகை அடகுக்குப் போய்விடும். டி.டி.பி.யும் ஆஃப்செட்டும் வந்த பிறகு இரண்டு பேர் ஒரு ராத்திரியில் இதழைக் கட்டி முடித்தார்கள். தலித் இலக்கிய விவாதமும் பெண்ணிய விவாதமும் பின்நவீனத்துவச் சண்டைகளும் அவ்வளவு பக்கங்களில் நடந்ததற்கு அந்த உடைந்த கொம்பும் காலும் காரணம். தோழரும் அப்படித்தான் எழுதினார். நாம் பார்த்தது தாளை மட்டும். தாளுக்கு வந்தால் போதும் என்றிருந்தோம். கோப்புக்குள் என்ன எண் இருக்கிறது என்று யாருக்குக் கவலை?

சென்டருக்குச் சென்டர் எழுத்துரு வேறு. ஒருவர் 'த' வைத்த மனையில் இன்னொருவர் 'மூ' வைத்தார். விற்கிற நிறுவனங்களுக்கும் அது வசதிதான். தங்கள் எழுத்துருவில் அடித்தவன் தங்களை விட்டுப் போகமுடியாது. இதை ஒழுங்குபடுத்த 1997இல் சிங்கப்பூரிலும் 1999 பிப்ரவரியில் சென்னையிலும் மாநாடுகள் கூடின. தமிழ்நாடு அரசு 'டாம்', 'டாப்' என்ற இரண்டு குறியேற்றங்களையும் 'தமிழ் 99' விசைப்பலகையையும் ஏற்றது. வெளிநாட்டுத் தமிழர்களிடம் 'திஸ்கி' வழக்கில் இருந்தது. ஒரு சண்டைக்கு மூன்று தீர்ப்பு.

இதற்கிடையில் யூனிகோடு 1991லேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தது. நம்மைக் கேட்டு ஒதுக்கவில்லை. இந்திய அரசின் இஸ்கி குறியேற்றத்தை, அதாவது தேவநாகரியை அச்சாக வைத்து எல்லா இந்திய எழுத்துகளையும் வரிசைப்படுத்திய சட்டகத்தை, அப்படியே எடுத்துக்கொண்டது. ககரத்துக்கும் ஙகரத்துக்கும் நடுவே தமிழில் இல்லாத மூன்று எழுத்துக்கு மூன்று காலி மனை. சகரத்துக்குப் பக்கத்திலும் காலி மனை. பக்கத்து வீட்டுக்காரன் வராத பந்தியில் அவனுக்கும் இலை போட்டுவைத்த மாதிரி. இந்த அமைப்பை எதிர்த்து எல்லாத் தமிழ் எழுத்துக்கும் தனி எண் கேட்டவர்களின் கோரிக்கை, 2010 ஜூன் மாத அரசாணையில் யூனிகோடுக்குத் துணையாக 'டேஸ் 16' என்ற பெயரில் பாதி நிறைவேறியது. நடைமுறையில் யூனிகோடு வென்றது. என் வாக்கும் அதற்குத்தான். சட்டகம் வடக்கத்தியது என்ற குற்றச்சாட்டு உண்மை. ஆனால் ஒரே 'த'வுக்கு உலகமெல்லாம் ஒரே எண் என்பது அதைவிடப் பெரிய உண்மை. 'சாதி' என்று தேடினால் 'சாதி' அகப்படும்.

பிரச்சினை என்னவென்றால், அச்சுக்கூடம் யூனிகோடுக்கு வரவில்லை. பேஜ்மேக்கர் 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுவிட்டது, அதற்கு யூனிகோடு தமிழ் தெரியாது. அடோபியின் இன்டிசைனில் தமிழ் ஒழுங்காகச் சேர 2012 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. விண்டோஸில் 2000லேயே தமிழ் யூனிகோடு வந்துவிட்டது. ஆக, இணையத்தில் ஒரு தமிழ், அச்சகத்தில் இன்னொரு தமிழ் என்று பத்து வருஷத்துக்கு மேல் இரண்டு உலகம் நடந்தது. நம் இலக்கியத்தில் பெரும்பகுதி அந்த இரண்டாவது உலகத்தில்தான் கட்டப்பட்டது. அங்கிருந்துதான் பி.டி.எஃப். ஆக ஏற்றுமதியானது.

5

ஏற்றுமதியாகும்போது நடப்பது இதுதான். பி.டி.எஃப். எழுத்தைப் பொதிவதில்லை, எழுத்தின் வளைவைப் பொதிகிறது. அந்தக் கோப்பில் வந்த உருவங்களை மட்டும் பொறுக்கி எடுத்து, சில சமயம் புது எண் கொடுத்து, எந்த உருவம் எந்த இடத்தில் என்று எழுதிக்கொள்கிறது. இந்த உருவம் யூனிகோடில் இன்ன எழுத்து என்று சொல்லும் ஒரு ஒத்துநோக்கு அட்டவணையை உள்ளே வைக்க வசதி உண்டு. வைத்தே தீரவேண்டும் என்பதில்லை. பழைய எழுத்துருவில் கட்டிய கோப்பில் வைப்பதற்கும் வழியில்லை.

நான் கையாலேயே அட்டவணை போட்டுப் பார்த்தேன். முதல் கட்டுரையில் எந்தக் குறி எந்த எழுத்து என்று மூன்று நாள் உட்கார்ந்து கண்டுபிடித்தேன். இரண்டாவது கட்டுரைக்கு அது பொருந்தவில்லை. ஒவ்வொரு கட்டுரையும் தனித்தனியாக ஏற்றுமதியானதால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண். அதில் 'த' இருந்த வீட்டில் இதில் 'ழு'.

யூனிகோடில் கட்டினாலும் முழு விடுதலை இல்லை. இன்றைக்கும் பல தமிழ் பி.டி.எஃப்.களில் நகலெடுத்துப் பாருங்கள், கொம்பு எழுத்துக்கு முன்னால் போய் நிற்கும். உருவங்களைக் கண்ணின் வரிசையில் வைத்துவிட்டுக் காதின் வரிசையைத் தொலைத்துவிடுவதால் வருகிற கோளாறு. பார்வையற்ற வாசகர் திரைவாசிப்பானை வைத்துக் கேட்கும்போது இந்தக் கோளாறு அப்படியே காதில் விழுகிறது. வெறும் ஸ்கேன் படமாக இருந்தால் அது கூட இல்லை, மௌனம்தான். எல்லோரும் அணுகத்தக்க பி.டி.எஃப். எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு 2012இல் உலகத் தரம் வந்துவிட்டது. 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் தகவலை அணுகும் உரிமையைப் பேசுகிறது. ஆனாலும் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, ஸ்கேன் செய்து, படமாகவே ஏற்றிவைக்கப்படும் அரசாணைகளைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இதைத் தொழில்நுட்பப் பிசகு என்று விட்டுவிட முடியாது. படமாக்குவது ஒரு அதிகாரச் செயல் என்பதற்கு 2018இன் வாக்காளர் பட்டியல் விவகாரம் போதும். தேர்தல் ஆணையம் பட்டியல்களைத் தேட முடியாத பட வடிவ பி.டி.எஃப்.களாக வெளியிட்டது. வாக்காளரின் தகவல் பாதுகாப்பு காரணமாகச் சொல்லப்பட்டது. மத்தியப் பிரதேசத்துக்காகக் கமல்நாத்தும் ராஜஸ்தானுக்காகச் சச்சின் பைலட்டும் தேடக்கூடிய வடிவில் கேட்டு உச்ச நீதிமன்றம் போனார்கள். 2018 அக்டோபரில் மனுக்கள் தள்ளுபடியாயின. எந்த வடிவில் தருவது என்பது ஆணையத்தின் முடிவு, வேண்டுமானால் மனுதாரரே மாற்றிக்கொள்ளலாம் என்றது நீதிமன்றம். பட்டியல் 'வெளியிடப்பட்டிருக்கிறது'. யாரும் பார்க்கலாம். ஒரே பெயர் இரண்டு முறை இருக்கிறதா, ஒரு தெருவே விடுபட்டிருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கத்தான் முடியாது. எண்ணும் வேலையைக் குடிமக்கள் தலையில் கட்டினால் அதைச் செய்யக் காசும் ஆளும் உள்ளவன் செய்வான், மற்றவன் பார்த்துக்கொண்டிருப்பான். வெளிப்படைத்தன்மை என்ற சொல்லுக்குள் 'வெளியே தெரிவது' மட்டும்தான் இருக்கிறதா?

6

காரைக்காலுக்கு 'ஏற்றுமதி' புதிய சொல் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றிய துறைமுகங்களில் இதுவும் ஒன்று. 1853இல் மார்த்தினிக்குக்கும் 1854இல் குவாதலூப்புக்கும் முதல் கப்பல் போய்ச் சேர்ந்தது. கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களின் பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் பதிவாயின. ஊர்ப்பெயரையே நடு உயிர் மாறிக் 'காரிக்கால்' என்று எழுதியவர்கள் அவர்கள். இன்றும் அந்தத் தீவுகளில் வீராசாமியும் முத்துசாமியும் குடும்பப் பெயர்களாக இருக்கிறார்கள், நாம் முதல் பார்வையில் கண்டுகொள்ள முடியாத எழுத்துக்கூட்டலில். பெயரின் உருவம் மிஞ்சியது. அதைத் தமிழாக வாசிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று தலைமுறையில் இல்லாமல் போனார்கள்.

மனிதர்கள் பட்ட பாட்டையும் கோப்புகள் பட்ட பாட்டையும் நான் ஒன்றாக்கவில்லை. அப்படிச் செய்வது அசிங்கம். பதிவு செய்கிறவன் தனக்கு வேண்டியதை மட்டும் பதிவு செய்கிறான் என்பதைத்தான் சொல்கிறேன். தோட்டத்துரைக்குக் கூலியை அடையாளம் காண ஒரு பெயர் போதும், அதை உச்சரிக்கவேண்டியதில்லை. அச்சகத்துக்கு மை எங்கே விழவேண்டும் என்று தெரிந்தால் போதும், அது என்ன சொல் என்று தெரியவேண்டியதில்லை. இந்த ஊரின் அம்மையார் சதையை உதறிவிட்டுப் பேய் வடிவத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டதாகச் சேக்கிழார் சொல்கிறார். அழகு போய்ப் பாட்டு நின்றது. நம் கோப்புகளில் நடந்திருப்பது நேர்மாறு. அழகு அப்படியே நிற்கிறது, பாட்டு போய்விட்டது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையானவன் இல்லை. 1981 மே மாதக் கடைசியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அவற்றுக்கு ஒரு படம் இருந்திருந்தால்! 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து பி.டி.எஃப். ஆக வைத்துக்கொண்டிருப்பதன் பின்னால் அந்த நெருப்பு இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் வேறு வழியில் போனது. பல நாட்டுத் தன்னார்வலர்கள் இலக்கியங்களைக் கையால் தட்டச்சு செய்தார்கள், முதலில் ஒரு குறியேற்றத்தில், பிறகு யூனிகோடுக்கு மாற்றி. ஒன்று உருவத்தைக் காப்பாற்றியது, மற்றது எழுத்தைக் காப்பாற்றியது. இரண்டும் வேண்டும். எந்தப் பக்கத்தில் எந்த மூலையில் எது அச்சாகியிருந்தது என்பதும் வரலாறுதான். இப்போது படத்திலிருந்து எழுத்தை மீட்கும் மென்பொருள்களும் தேறிவருகின்றன. ஆனால் அவை ஊகிக்கின்றன. மங்கிய பக்கத்தில் 'ன'வா 'ள'வா என்பதை ஊகத்துக்கு விட்டால் ஒரு பெண் ஆணாகிவிடுவாள். மீட்டதை மனிதக் கண் ஒருமுறை பார்த்தே ஆகவேண்டும்.

ஆகவே இதழ் நடத்துகிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. அச்சுக்குப் போன பி.டி.எஃப். கையில் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். பக்கத்திலேயே யூனிகோடில் வெறும் எழுத்துக் கோப்பு ஒன்றை வைத்துவிடுங்கள். பழைய பேஜ்மேக்கர் கோப்புகளை, எழுத்துருவும் அதைத் திறக்கும் கணினியும் உயிரோடு இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். நம் எதிரிகள் தேடத்தக்க வடிவில் இருக்கிறார்கள். நாம் மட்டும் படமாக மாட்டியிருப்பது நல்லதில்லை.

தோழரின் தொகுப்பை நாங்கள் நாலு பேர் திரையில் பார்த்துப் பார்த்து மறுபடி அடித்துக்கொண்டிருக்கிறோம். 23இல் 9 முடிந்திருக்கிறது. அடிக்கும்போதுதான் தெரிகிறது, ஒரு கட்டுரையில் 'உரிமை' என்று வரவேண்டிய இடத்தில் 'உரமை' என்று பிழையாகவே அச்சுக்குத் தயாராகியிருக்கிறது. அந்தப் பிழையும் இருபது வருஷமாக ஒரு புள்ளி நகராமல் அப்படியே இருந்திருக்கிறது. திருத்திவிட்டோம்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது அந்தக் காலத்தில் காரைக்கால், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் டி.டி.பி. வேலை பார்த்தவர்களாக இருந்தால், பரணில் பழைய ஃப்ளாப்பிப் பெட்டி இருந்தால், தூக்கி எறிவதற்கு முன் இதழ் முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள். அந்த எழுத்துருவுக்குப் பெயர் கூட இல்லை, ஒரு எண்தான். பார்த்தால் எங்களுக்கு அடையாளம் தெரியும்.